ஒன்பதாம் குதிர்

1963 மார்ச் 4, திங்கள்

டின்னி, நீ வேலை பார்த்த எலிவேட்டர், அந்தக் கோதுமைக் கிடங்கு வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். இடிக்கப் போகிறார்களாம். பால் வாங்கப் போனவள் பாலை மறந்துவிட்டு வந்தேன்.

கடலுக்கே நேராக வழி வெட்டினபிறகு கோதுமைக் கப்பல் எதுவும் பஃபலோ துறைமுகத்தில் நிற்பதில்லை. நம் கால்வாயை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சும்மா நிற்கிற கட்டடத்துக்கு ஏன் வரி கட்டவேண்டும் என்கிறார்களாம். சும்மாவா நிற்கிறது? நீ ஒன்பதாம் குதிரில் கோதுமைக்குள் புதைந்து போனதிலிருந்து எனக்கு அதுதானே இருக்கிறது. கல்லறையில் நான் பார்த்தது உன் பெயரை மட்டும்தான். பெட்டியைக்கூடத் திறந்து காட்டவில்லை எனக்கு.

மார்ச் 10, ஞாயிறு

பூசை முடிந்து நம் மகள் ரோஸலீன் வந்தாள்.

"அம்மா, அது விழறப்போ அந்தத் தூசியெல்லாம் உன் நெஞ்சுக்குள்ளதான் போகும். பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு."

"அது விழட்டும். அப்புறம் வர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

அது விழாது என்ற தைரியம்தான். உன் அப்பா சொல்வாரே, மரத்தில் கட்டின பழைய எலிவேட்டர் எரிந்தபோது ஊரே ரொட்டி கருகின வாசனையில் கிடந்ததை. அதற்கப்புறம் கான்கிரீட். இரவும் பகலும் நிறுத்தாமல் ஊற்றினார்கள். அவரும் தோளில் சுமந்திருக்கிறார். எங்கேயும் ஒட்டு கிடையாது, இடிக்க வருகிறவன் எங்கே கை வைப்பான் என்பார்.

ஏப்ரல் 2

சுவரை இடிக்கிற இரும்புக் குண்டு வந்துவிட்டது. கிரேன் என் ஜன்னலைவிட உயரம்.

ஏப்ரல் 3

குண்டு போய் மோதுகிறது, திரும்பி வருகிறது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை! சலூன் வாசலில் பந்தயம் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு மேமி க்ராட்டி நாற்காலியைத் தெருவுக்கே தூக்கி வந்துவிட்டாள்.

"ஏ பிரைடி, உன் மாமனார் சிமெண்ட்ல என்னத்தடி கலந்தாரு?"

"அவரோட வாய்க்கொழுப்பத்தான்," என்றேன்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், டின்னி. நீ போனபிறகு முதல் தடவை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஃபீனி வந்தான். உன் கூட்டாளி, ஆனால் உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"இடிக்கறத நீ பாக்க வேணாம் அண்ணி. மக வீட்டுக்குப் போயிடு."

இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். உள்ளே ஆள் இருந்தால் குதிர்ச் சுவரில் மூன்று தட்டு தட்டுவீர்களே, தட்டின பிறகு கோதுமையை இறக்குகிற கீழ்க்கதவைத் திறக்கக்கூடாது என்பீர்களே, அன்றைக்கு யாரும் தட்டவில்லையா?

"தட்டினோம். கப்பல் சங்கு ஊதுச்சு அண்ணி, அந்த நேரம் பாத்து. கீழ இருந்தவனுக்குக் கேக்கல, கதவத் திறந்துட்டான்."

"ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"ஒரு நொடிதான். கோதுமை இழுத்துச்சுன்னா அவ்வளவுதான். அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

ஒரு நொடி. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மே 14

இன்னும் நிற்கிறது. நிற்கட்டும், நிற்கட்டும்.

மே 31

குண்டுக்காரன் கிளம்பிவிட்டான்! இடிக்க ஒதுக்கின பணமெல்லாம் தீர்ந்துபோனதாம். முன்பக்கச் சுவர் மட்டும் போயிருக்கிறது, மீதி அப்படியே. மேமி என்னைக் கட்டிப்பிடித்து ஆடினாள். சலூனில் எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள், உன் அப்பா பெயரைச் சொல்லி. ஜெயித்துவிட்டோம் டின்னி.

ஜூன் 1

தூசி அடங்கிவிட்டது. காலை வெயில் நேராக ஒன்பதாம் குதிருக்குள் விழுந்தது. என் சமையலறையிலிருந்தே தெரிகிறது. பார்த்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

ரோஸலீன் வந்ததும் சண்டைக்கு நின்றாள். "அதான் விழலியே. இனி உன்ன அசைக்க முடியாது, அப்படித்தானே?"

"வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு உம் புருஷன," என்றேன். "இன்னிக்கே."

ஏன் என்று கேட்டாள். காட்டவில்லை. உன் மகள், அவளுக்கு எதற்கு அது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளைப் பாத்திரம் கட்டச் சொன்னேன்.

அங்கே ஏணி இருக்கிறது, டின்னி. உள்சுவரிலேயே பதித்த இரும்புப் படிகள், அடியிலிருந்து உச்சிவரைக்கும். யாருமே சொல்லலியே எனக்கு. ஃபீனிக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். குதிருக்குள்ள நீ எங்க நின்னிருந்தாலும் ஏணிக்கு நாலு எட்டுகூட இருக்காது. ஒரு நொடின்னானே — ஒரு நொடிதானா? இல்ல, ஒரு படி உன் கைக்கு அகப்பட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டே என்னைக் கூப்பிட்டியா?