உள்ளங்காலில் ஓர் ஆணி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. இந்த மெக்சிகோக் கடற்கரையில், வேராக்ரூஸ் வெயிலில் அதை எப்போது போடுவேனோ தெரியவில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரை நோயில் அவர் பாதங்கள் மரத்துப் போனதால், பிசியோதெரபி செய்ய நொயெமி என்ற பெண் வந்தாள். குதிகாலைத் தூக்கி நிற்கவும், நாற்காலியைப் பிடித்து நடக்கவும் பழக்கினாள். "தினமும் உள்ளங்காலைப் பாருங்கம்மா. ஏதாவது குத்தினாகூட அவருக்குத் தெரியாது," என்றாள்.

பார்க்கக் குனிந்தேன். "என் காலைப் பாக்க நீ யாருடி? போய் தோர்த்தியா ரொட்டியைச் சுடு," என்று காலாலேயே என் முகத்தைத் தள்ளினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது பார்த்தேன். இடது உள்ளங்காலில் ஓர் ஆணி ஏறியிருந்தது. சோபாவுக்குத் துணி அடிக்க அவர் பட்டறையில் வைத்திருக்கும் சின்ன ஆணி.

மறுநாள் முதல் நான்தான் அடிகளை எண்ணிச் சொல்லி அவரை நடக்க வைத்தேன். "பாத்தியா, வலியே இல்ல. எல்லாம் மனத்திடம்," என்றார். "ஆமாங்க," என்றேன்.

அடுத்த வாரம் நாற்றம் எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "எப்ப பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "இன்னிக்குக் காலையிலதான்." இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் கத்துவதே இல்லை. வலது காலை நீட்டி, "ஏதாச்சும் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்," என்று தினமும் கெஞ்சுகிறார்.

"ஒண்ணுமில்லைங்க," என்கிறேன், அடுப்படியில் நின்றபடியே.

உன் அம்மா