எனக்கு மட்டும் கேட்கும் ஏசி சத்தம்

மே 11, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மாடித் தொட்டி கழுவ வேண்டும். இன்று வேண்டாம்.

காரில் ஏசி போட்டு ஓட்டும்போது ஒரு சத்தம். இரண்டு வாரமாக. மனதிலேயே வைத்துக் குழம்புவதைவிட வரிசையாக எழுதிவிடுவது மேல். இந்த வாரம் பார்க்க வேண்டியவை:

1. சத்தத்தின் தன்மை. மெல்லிய சீழ்க்கை, அடியில் ஒரு கரகரப்பு. வண்டி கிளம்பியதும் இல்லை. அரை மணி ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு.

2. இயல்பான சத்தங்களைக் கழித்துவிட வேண்டும். ஏசி பட்டனை அமுக்கியதும் வரும் 'டக்': கம்ப்ரசர் சேர்கிறது, கோளாறு இல்லை. வண்டியை நிறுத்திய பின் 'உஸ்': உள்ளே கேஸ் அடங்குகிறது, அதுவும் இல்லை. காற்று வரும் ஓட்டைக்குள் படபடப்பு: மனைவி விஜயா செருகி வைத்த மல்லிகைச் சரத்தின் நார். எடுத்தாயிற்று.

3. ஓட்டத்தில் ஏசியை அணைத்துப் பார்ப்பது. சத்தம் நிற்கிறதா?

4. சாட்சி விஜயா. அவள் காது கூர்மை. சமையலறையில் இருந்துகொண்டே மாடிக் குழாய் சொட்டுவதைச் சொல்வாள். அவளுக்குப் பொய் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. அவளுக்கும் கேட்டால் கோளாறு வண்டியில். கேட்காவிட்டால் என்னில்.

5. மகன் ரகுவிடம் சொல்வது. எல்லாம் தெளிவான பிறகே.

ஐந்தாவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜனவரியில், விஜயாவுக்கு டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது வெங்கல் தாண்டி பாட்டரி செத்து நின்றுவிட்டோம். வெயில். அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, சீட்டிலேயே சரிந்துவிட்டாள். அன்று மாலை பெங்களூரிலிருந்து ரகு போன் செய்தான். இன்னொரு முறை வண்டி வழியில் நின்றால் காரை விற்றுவிட்டு எங்கள் இருவரையும் தன்னோடு அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னான். மகன் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். அழுகிற குரலில் சொன்னான்.

"சரிப்பா" என்றேன். யார் எதைச் சொன்னாலும் நான் சொல்வது.

மே 12, செவ்வாய்

திருவள்ளூர். பெரியபாளையம் வழி. போகும்போது சத்தம் இல்லை, விடியலின் குளிர்ச்சி.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சு. கதவு பாதி திறந்திருந்தது. வி.யின் அடுத்த படுக்கை மங்கம்மா, பழவேற்காட்டில் மீன்பிடிக் குடும்பம். வாரம் இருமுறை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நாலு மணி நேரம். மங்கம்மாவின் வேலை, சாப்பிடக் கூடாததையெல்லாம் சமைப்பது, வாயாலேயே. இன்று மடவை மீன் குழம்பு. மாங்காய் எப்போது போடுவது, சட்டியை எப்போது இறக்குவது எல்லாம். நர்ஸ் அதட்டியிருக்க வேண்டும், மங்கம்மாவின் குரல் உயர்ந்தது.

"தண்ணி அளந்து குடின்னே, குடிக்கறேன். கொழம்ப பத்தி அளந்து பேசுன்னு எந்த டாக்டர்மா சொன்னான்?"

வி. சிரிக்கும் சத்தம். வீட்டில் அப்படிச் சிரித்துப் பல மாதம்.

திரும்பும்போது வெங்கலுக்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. குறிப்பு 3-இன்படி ஏசியை அணைத்தேன். நிற்கவில்லை. அப்படியானால் ஏசி இல்லை என்று முதலில் ஒரு நிம்மதி. பிறகுதான் யோசனை. ஏசியை அணைத்தாலும் கம்ப்ரசரின் புல்லி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். புல்லிக்குள் பேரிங் தேய்ந்திருந்தால் பட்டனை அணைத்து என்ன பயன்? ஆகவே இந்தச் சோதனையால் எதுவும் முடிவாகவில்லை. பேரிங் என்றால் ஒரு நாள் இறுகிக்கொள்ளும். பெல்ட் அறும். வண்டி நிற்கும். எங்கே, எந்த வெயிலில் என்று சொல்ல முடியாது.

வி.யிடம் கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. ரோட்டு சத்தமா இருக்கும்."

மறுபடி கவனித்துக் கேட்கச் சொன்னேன். ரேடியோவைப் போட்டாள். களைப்பு, பாவம்.

இரவு ஹாலில் தனியாக, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். காதில் ஒன்றும் ஒலிக்கவில்லை. காரில் மட்டும் ஒலிக்கும் காது உண்டா?

மே 13, புதன்

வாங்கியவை: உளுந்து, பல்பு. மறந்தது: வி.யின் பாஸ்பேட் குறைக்கும் மாத்திரை. மாலை திரும்பப் போய் வாங்கினேன்.

கும்மிடிப்பூண்டி பைபாஸில் சேகர் ஒர்க் ஷாப். கவரைப்பேட்டை வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் தூரம்தான், இன்ஜின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல். அந்த இரைச்சலில் சேகர் பானட்டைத் திறந்து, காதைக் கொடுத்தார். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து குளிர் வருகிறதா என்று கையை நீட்டினார். நன்றாகவே வந்தது.

அரை மணி ஓட்டினால்தான் கேட்கும் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. இரண்டாம் முறை சொல்லக் கூச்சம். வேறு இரண்டு வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"சார், வண்டி புதுப்பொண்ணு மாதிரி கீது. சும்மா பேஜார் ஆவாதீங்க. இதுக்கு மேலயும் சத்தம் கேட்டா என்னாண்ட வராதீங்க, காது டாக்டராண்ட போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் இன்னும் உறுத்தியது. கோளாறு இருந்திருந்தால் வாங்கியிருப்பார்.

திரும்பும்போது கணக்குப் போட்டேன். சேகருக்குக் கேட்கவில்லை, வி.க்குக் கேட்கவில்லை. வேலைக்காலம் முழுக்க பைப் மில்லின் பக்கத்தில் நின்று தரம் பார்த்தவன் நான். குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம். காதடைப்பான் கொடுத்தார்கள், பாதி நாள் பையில்தான் இருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரிடம் இப்போது கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

மே 14, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. வி.யிடம் பேங்குக்கு என்று சொல்லிவிட்டு காது டாக்டர்.

கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கேட்காதபோதும் சில முறை அமுக்கினேன். ஒன்றைத் தவற விட்டுவிடுவேனோ என்ற பயம். பரீட்சையில் விடை தெரியாமல் எழுதுவது போல. பரிசோதித்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

இடது காதில் மேல்ஸ்தாயி ஒலிகள் குறைவு. வயதுக்கு ஏற்ற அளவுதான் என்றார் டாக்டர். இல்லாத சீழ்க்கை கேட்குமா என்று கேட்டேன். கேட்கலாம், இப்படிப்பட்ட காதில் அது புதிதில்லை என்றார். காரில் மட்டுமா என்று கேட்க நினைத்தேன். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லாததைக் கேட்கிறவன் இருப்பதைத் தவற விடமாட்டானா? பின்னால் வரும் லாரியின் ஹாரனை? பக்கத்து சீட்டில் அவள். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரகுவுக்குச் செய்தி அனுப்பினேன். இனி நான் கார் ஓட்டுவது சரியில்லை, காது பரிசோதனை செய்துகொண்டேன், நீ சொன்னபடியே செய்துவிடலாம்.

உடனே பதில். 'ஞாயிறு வரேன்பா. நல்ல முடிவு. அம்மாகிட்ட நான் பேசறேன்.'

வி.யிடம் சொல்லவில்லை. நாளை ஒரு நாள் நிம்மதியாகப் போய்விட்டு வரட்டும். இரவு ரசம் நன்றாக இருந்தது என்றேன். ரசம் வைக்கவே இல்லையாம், அது பருப்புத் தண்ணீர்.

மே 15, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பினோம். கடைசி ஓட்டம் என்பது எனக்கு மட்டும் தெரியும். மெதுவாக ஓட்டினேன். வெங்கலில் சீழ்க்கை. காது, காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரியபாளையம் தாண்டியதும் சீழ்க்கை மறைந்து வெறும் கரகரப்பு, தகரத்தில் கல்லை இழுப்பது போல. அதையும் காது என்றே எடுத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, நேராகப் பார்த்து ஓட்டினேன்.

வி. என் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னாங்க, ஓரம் கட்டுங்க. இன்னிக்கி ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. போன வாரம்லாம் இப்டி இல்ல."

புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். கரகரப்பும் நின்றது. பானட்டைத் திறந்ததும் ரப்பர் கருகிய வாடை. பெல்ட்டின் ஓரம் நார் நாராக. கம்ப்ரசர் புல்லி தொட முடியாத சூடு.

மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா வி.யைத் தன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, "மயக்கமா கீதாமா?" என்று கேட்டு பனை ஓலையால் விசிறினாள். நான் பானட்டின் பக்கத்திலேயே நின்றேன். வி. சொன்னது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. போன வாரம்.

அருகில் போய், போன வாரமே கேட்டதா என்று கேட்டேன்.

"நீங்க மொதல்ல கேட்டீங்களே, அதுக்கும் முன்னாடியே" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. சத்தம் என்றால் வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகும். ஒரு நாள் போகாவிட்டால் டயாலிசிஸ் தவறும். ரகுவுக்குத் தெரியும், வந்து நிற்பான். முன்பு ரகுவோடு பெங்களூரில் போய் இருந்த இரண்டு மாதம், காலை எட்டுக்கு அவனும் மருமகளும் கிளம்பிப் போன பிறகு, பதினோராவது மாடியில் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

"இங்க வாரத்துல ரெண்டு நாளு மங்கம்மா கூடவாச்சும் சிரிச்சிக்கினு கெடக்கறேன். அவன் வந்து கூப்ட்டா நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. சரிப்பான்னுவீங்க. அதான் கேக்கலன்னேன்."

பேங்குக்குப் போகவில்லை, காது டாக்டரிடம் போனேன் என்று சொன்னேன். ரகு ஞாயிறு வருகிறான் என்பதையும், வரச் சொன்னது நான்தான் என்பதையும்.

அவள் பையிலிருந்து ஐஸ் டப்பாவை எடுத்துத் திறந்து, தாகத்துக்கு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அது கரையும்வரை சப்பினாள். பிறகு, "காது நல்லாதான் கீதாமா?" என்று நுங்குக்கார அம்மாவின் பேச்சைப் போலவே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு வாடகைக் காரில் கவரைப்பேட்டை வந்தோம். மயக்கம் இல்லை. அழுத்தம் பார்த்தேன், பரவாயில்லை. தூங்குகிறாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் என் மூளையையே சந்தேகப்பட்டேன். தேடிப் பார்க்கிறேன், கோபம் அகப்படவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

மே 16, சனி

வெயில் குறைவு. காற்று.

சேகர் காலையிலேயே ஆள் அனுப்பி வண்டியை இழுத்து வந்துவிட்டார். புல்லி பேரிங்தான். குண்டுகள் பொடியாகியிருந்தன. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் தச்சூர் கூட்டுரோடு வருவதற்குள் பெல்ட் போயிருக்கும் என்றார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடான பிறகுதான் சத்தம் வரும் என்று அன்றே சொல்ல வந்தேன் என்று இந்த முறை உரக்கச் சொன்னேன். தேவைக்கு மேல் உரக்க. அவர் தலையாட்டினார். செவ்வாய்க்கு முன் வண்டி வேண்டும் என்றும் சொன்னேன். திங்கள் மாலை என்றார்.

மாடித் தொட்டி கழுவவில்லை.

பதினொன்றுக்கு ரகுவுக்கு போன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவன் எடுத்ததும் தாளைப் பார்க்க மறந்துவிட்டது. வண்டி வழியில் நின்றது, ஆனால் நிறுத்தியது நான் என்றேன். காதில் கொஞ்சம் குறை இருக்கிறது, சத்தம் உண்மையாகவே இருந்தது என்றேன். அவன் குறுக்கே பேசினான். வழக்கமாக நான் விட்டுவிடும் இடம் அது; இன்று விடவில்லை.

"நாளைக்கி வாப்பா. சாப்ட்டு, ரெண்டு நாளு இருந்துட்டுப் போ. நாங்க வரல."

அம்மா சொல்லச் சொன்னாங்களா என்றான். பக்கத்தில்தான் இருக்கிறாள், சொல்வது நான் என்றேன். அடுத்த முறை அம்மா மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றான். தெரியாது என்றே சொன்னேன். வந்து பேசலாம் என்று வைத்துவிட்டான். கோபம்தான். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நாளை நேரில் உட்கார்ந்து கேட்கும்போது இதையே சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

வி. உள்ளே போய்விட்டாள். நாளைக்கு என்ன சமைப்பது என்று கேட்டு மங்கம்மாவுக்கு போன் போட்டிருக்கிறாள்.

திங்களன்று எழுதியதை மறுபடி படித்தேன். நான்காவது குறிப்பு தவறு. அவளுக்குப் பொய் சொல்லக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்.