புள்ளி விழுந்த தக்காளி வரிசை

தக்காளிப் பைத்தியமான என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் சாகுபடிப் பட்டம் இது. பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைத் தாங்கும்படி நீ உருவாக்கி, எனக்கென்று விட்டுப்போன விதையை நம் பாகலூர் நிலத்தில் போட்டேன். ஒரே ஒரு வரிசைக்குத்தான் விதை இருந்தது.

செடி முழங்கால் உயரம் வந்தபோது அடி இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், அப்பா பிடுங்கத் தயாராக நிற்கிறார். நம் ஆட்களுக்குப் புள்ளியைப் பார்த்தால் கை நேராகத் தூருக்குத்தானே போகும்!

"விட்டா மொத்தக் காடும் போயிடும்டா" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. எனக்கோ உன்னையே இன்னொரு முறை இழப்பது போல இருந்தது.

நீ ஒருநாள் இதே வரப்பில் நின்று சொன்னாயே: "ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் கொழுப்பால ஆன சவ்வு இருக்குதுடா. பூஞ்சை கை வெச்சா அந்தக் கொழுப்புல கொஞ்சம் உடைஞ்சு, அதுவே சேதியாகி மத்த இலைக்கும் போவும். அந்த எடத்து செல்லுங்க தானே செத்து வழிய அடைச்சிடும். புள்ளி காஞ்சு, பரவாம நின்னுட்டா செடி ஜெயிச்சிடுச்சுன்னு அர்த்தம்."

"இலையில கொழுப்பா? அப்ப வடை சுடலாமே" என்று அப்பா கிண்டலடித்தார். "மாவு ஆட்டி வையிங்கப்பா" என்றாய் நீ. கண்ணுக்கே தெரியாத ஒன்றை நம்பி வாழ்நாளைக் கொடுத்தவள் நீ. உன்னை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது அக்கா.

ஃபேக்டரியில் சரிபார்த்த பாகத்துக்குக் குறி போடும் மார்க்கரை எடுத்து, உன் வரிசையிலும் பக்கத்துச் சாதாரண ரக வரிசையிலும் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டேன். "உங்க பொண்ணு வரிசையில புள்ளி கோட்டைத் தாண்டினா நானே பிடுங்கிடறேன்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடுங்க" என்று கெஞ்சினேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக வயலுக்கு வந்தோம். பக்கத்து வரிசையில் கோட்டைத் தாண்டி இலையே கருகியிருந்தது. உன் வரிசையில் ஒரு புள்ளிகூடத் தாண்டவில்லை. மேலே வந்த புது இலைகளும் சுத்தமாக இருந்தன. அப்பா ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் செடிகளுக்குக் கயிறு கட்ட வந்த முனியம்மா புள்ளி இலையைக் கிள்ளப் போனாள். "முட்டபேடம்மா, தொடாத! அது எம் பொண்ணு செடி" என்று அப்பா கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். இதை நீ கேட்டிருக்க வேண்டாமா?

முதல் பழங்களை மார்க்கெட்டுக்கு அனுப்ப மாட்டேன். விதை எடுத்துக் காயவைப்பேன், இது சத்தியம். ஒரு வரிசை பத்தாதாம், அடுத்த பட்டத்தில் காடு முழுக்க உன் செடிதானாம். அப்பா சொல்லிவிட்டார்.

உன் தம்பி,
ஆரோக்கியம்