காலையிலேயே போட்ட கையெழுத்து

இன்று முதல் நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் பாத்திரம் தேடிய என் வீட்டுக்காரி, பரணிலிருந்து உம்முடைய தூக்குவாளியை இறக்கிவிட்டாள். மூடியில் வெட்டியிருந்த உம் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆன மனிதர் மேல் இவ்வளவு கோபம் இருக்கலாமா என்றால், இருக்கிறதே, என்ன செய்ய?

கங்கைகொண்டான் பக்கம் அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நீரும் நானும் ஒரே கன்வேயர் பெல்ட்டில் எதிரெதிரே பதினொரு வருடம் நின்றோம். ரமலான் வந்தால் கஞ்சிக்கு இந்த வாளியை என்னிடம் கொடுத்தனுப்புவீர். "இஞ்சி தூக்கலா இருக்கணும் வே" என்பீர், ஏதோ நான்தான் காய்ச்சுகிற மாதிரி.

முதல் வருடம் சூப்பர்வைசர் என்னைப் பெல்ட்டிலேயே நிறுத்தினார். "பாய் நோன்புதானே, அவருக்கு எதுக்குச் சாப்பாட்டு இடைவேளை?" நீர்தான் சண்டைக்குப் பாய்ந்தீர். "இடைவேளை வயித்துக்கு மட்டுமா சார்? காலுக்குக் கிடையாதா? மனுசன் உக்கார வேண்டாமா?" அன்று உட்கார்ந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். பெல்ட் நிற்காது, ஒருவர் போனால் மற்றவர் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஏழு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தோம். பல நாள் அதுவும் கிடையாது. ஊசிப்போன சோற்றைச் சாயங்காலம் வழியில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஆனால் சாப்பாட்டு நோட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. போன நேரம், வந்த நேரம், கையெழுத்து என எல்லாவற்றையும் காலையில் உள்ளே நுழையும்போதே நிரப்பிவிடுவோம். "மத்தியானம் அதுக்கு வேற வரிசையில நிக்கணுமா? போட்டுட்டு வாரும் வே" என்று முதலில் பேனாவை நீட்டியவர் நீர். நானும் போட்டேன். யாரைச் சொல்ல?

பறிபோன இடைவேளைகளுக்குக் கூடுதல் சம்பளம் கேட்டு நான் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தபோது, சாட்சிக்கு வருகிறேன் என்று நீராகத்தான் சொன்னீர். "நோட்டு பொய்னு நான் சொல்லுதேன். நீரு சும்மா இரும்." அதுவும் ரமலான் மாதம். விசாரணைக்கு முந்தின நாள்கூட இந்த வாளியைக் கொடுத்துவிட்டீர்! பாளையங்கோட்டைக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அதிகாரி நோட்டைக் காட்டிக் கேட்டார். நீர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அரை மணி நேரம் ஒழுங்கா விடுதாவ சார். கையெழுத்து எங்களதுதான். பாய் நோன்பு பிடிக்கிற ஆளு. சாப்பிடப் போகாதது அவரு இஷ்டம்."

நோன்பு வருடத்தில் ஒரு மாதம், வே! மற்ற பதினொரு மாதமும் எதிரே நின்று பார்த்தவர் நீர். கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னை உட்கார வைத்த அதே வாய் சொல்லலாமா? என் மனு அதோடு போயிற்று. அடுத்த மாதம் உம்மை ஸ்டோருக்கு மாற்றினார்கள், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. உமக்கு முட்டுவலி என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் சொல்லியிருக்கலாம். வாளியைக் கேட்டுக்கூட நீர் வரவில்லை.

நீர் இறந்த அன்று உம் தெரு முக்கு வரை வந்தேன். பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்று ஒரு மணிக்கு மணி அடித்ததும் பெல்ட்டை விட்டு நகர்ந்தேன். "நோன்புதானே பாய், எங்க போறீரு?" என்றார் புது சூப்பர்வைசர். "இடைவேளை காலுக்கும்தான் சார்" என்றேன். அவசரத்துக்கு உம்முடைய பேச்சுத்தான் வாயில் வந்தது. அரை மணி நேரமும் உட்கார்ந்துவிட்டு, எழுந்து வந்த பிறகே நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வாளியை உம் வீட்டில் கொடுத்துவிடலாமே என்கிறாள் இவள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கஞ்சி ஊற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடியும் பரணிலேயே ஏற்றிவிட்டேன், வே.