பம்பருக்குப் பின்னால் ஒரு குழாய்

செப்டம்பர் 9

தம்பி பாதி நாள் எங்கள் காரின் முன்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கிடந்தான். என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் பரிசாம். பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் ஒரு குழாயைக் கீழே பம்பருக்குப் பின்னால் வரை இறக்கி, நுனியில் புது ஃபில்டரை மாட்டியிருக்கிறான். கீழே குளிர்ந்த காற்று கிடைக்குமாம், வண்டி பறக்குமாம். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மச்சான்" என்றார். எனக்கென்னவோ வண்டிக்குச் சளி பிடித்த மாதிரி கேட்கிறது.

செப்டம்பர் 21

நல்ல மழை. ரயில் பாலத்துக்கு அடியில் முழங்காலளவு தண்ணீர், பஸ் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வழி. சுற்றிக்கொண்டு போனால் ஊரையே சுற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இந்த எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஃபில்டர் என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

செப்டம்பர் 22

தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான்: "தண்ணியில எறங்குனா காத்துக்குப் பதிலா தண்ணிய இழுத்துடும்க்கா. காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா? உள்ள பிஸ்டனத் தள்ளுற ராடு வளைஞ்சு இன்ஜினே காலி."

"அப்போ பழசையே மாட்டுடா."

"மாமாவுக்கு அவ்ளோ புடிச்சிருக்கு. கழட்டுறேன்னா மூஞ்சி சுண்டிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, தண்ணிக்குள்ள நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது."

அவரிடம் சொன்னேன். "மச்சான் ஆசையா மாட்டிக் குடுத்தது. இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அக்டோபர் 3

மழைச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்த் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறேன். போன தடவை வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். வெறுங்கையோடு வீடு திரும்பினோம். இன்னொரு தடவை என்னால் முடியாது.

அக்டோபர் 9

இன்றும் மழை.

அக்டோபர் 15

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுதிவிட்டால் பயம் போகுமா?

நேற்று மத்தியானம் வலி வந்தது. சுற்று வழிக்கு நேரமில்லை என்று அவர் பாலத்துக்கு அடியில் இறக்கினார். தண்ணீர் குறைவாகத்தான் தெரிந்தது. எதிரே வந்த லாரி கிளப்பிய அலை பானெட் மேல் ஏறியது. வண்டி இருமி, திணறி, நின்றுவிட்டது.

அவர் கை சாவிக்குப் போனது. நகம் பதிய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம். திருப்பாதீங்க."

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன். போன தடவை மாதிரி..." முடிக்க முடியாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

திருப்பினால் ஓடிவிடுமோ? தடுத்து நானே என் பிள்ளைக்கு எமனாகிறேனோ? தெரியலையே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே! ஆனாலும் கையை விடவில்லை. கடைசியில் அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார்.

கதவைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அலை கிளப்பிய அந்த லாரிக்காரரே ஓடிவந்தார். "ஐயோ, வயித்துப் பிள்ளைக்காரியா! ஏறும்மா" என்று என்னைத் தூக்கி லாரியில் உயரத்தில் உட்காரவைத்து, வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

மகள். பக்கத்தில் கிடந்து வீல் வீலென்று கத்துகிறாள். கத்தட்டும்.

அக்டோபர் 23

தம்பி வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். ஃபில்டரைப் பிழிந்தான், சேற்றுத் தண்ணீர் வடிந்தது. குழாயைக் கவிழ்த்தான், அதிலும் தண்ணீர். இன்ஜினுக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

"ஒரு தடவை திருப்பியிருந்தாலும் இதெல்லாம் உள்ள போயிருக்கும்க்கா. அப்படியே செத்திருக்கும்." பிறகு தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டான்: "பழைய பெட்டியவே மாட்டிடட்டுமா மாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நானா? எனக்கு அந்தச் சத்தமே புடிக்கல மச்சான். நீ வருத்தப்படுவியேன்னுதான் சும்மா இருந்தேன்."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான் சும்மா இருந்தேன்."

ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது. இந்த மரியாதைக்காகத்தான் என் பிள்ளை அந்தத் தண்ணீருக்குள் போய் வந்தாள்.

உள்ளே வந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வெளியே பழைய பெட்டியை மாட்டுகிறார்கள்.