வாய்க்குக் காவல்

கர்த்தருக்குள் அன்பான என் மனைவிக்கு,

தேவகிருபையால் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமாவின் இருமல் தேவலையா?

இங்கே ஒரு சின்ன சங்கதி, பயப்படாதே. எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒரு மேஜைவிரிப்பு தீய்ந்துபோனது. சூப்பர்வைசர் சத்தம் போட்டதும், என் அறையிலேயே தங்கியிருந்த இஸ்திரிக்காரத் தம்பியைக் கைகாட்டி, "இவன் எப்பவும் போன்லதான் சார் இருப்பான்" என்று சொல்லிவிட்டேன். அன்றே அவனைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே இஸ்திரிப்பெட்டியில் நான் தேய்த்த விரிப்பும் தீய்ந்தது. கோளாறு பெட்டியில்தான்.

சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஆள் மாத்தியாச்சு, விடுங்க" என்றார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தினமும் காலைல பைபிள்ல சங்கீதம் சத்தமா படிக்கிறீங்களே அண்ணே, என் வாய்க்குக் காவல் வையும் ஆண்டவரேன்னு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றான்.

இத்தனை வருடம் வாசித்தேனே தவிர, அது எனக்கான ஜெபம் என்று நினைக்கவே இல்லை. இப்போது வாய் திறக்குமுன் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தம்பி வேறு அறைக்குப் போய்விட்டான்.

இனி நான் கேட்டும் பழக வேண்டும்; முடிந்தால் நீ ஒரு சங்கீதம் வாசித்துப் போனில் பதிந்து அனுப்பு. பின்னால் பிள்ளைகள் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

வேலை வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும். நான் கிளம்பிய அன்று, உன் அண்ணன் முன்னால் "உனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று உன்னை மட்டம்தட்டினேன். நீ தொடர்ந்து என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாய். அதற்கு உன்னிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிறேன்.

உன் கணவன்