எட்டு அடையாளங்களிலும் தேறியவர்

அக்டோபர் 11, சனிக்கிழமை, காலை பத்து மணி. இன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஆறு நாள்.

என் தங்கை பெற்ற மகளுக்கு உன் பெரியம்மா எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். என் வீட்டில் அது சில நாட்களாக இல்லை.

வயதை நாள் வரைக்கும் எழுதியது அனுதாபம் தேடி அல்ல. கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வாய்க்கு வந்ததை எழுதுகிறாள் என்று நீ இதைப் பாதியில் மடித்து வைத்துவிடக் கூடாது. முட்டி இரண்டும் போய்விட்டன. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. மூளை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வேலை செய்கிறது. அது பெரிய வரம் என்கிறார்கள். மறக்க வேண்டியது எதுவும் இல்லாதவர்களுக்கு வரம்தான்.

வியாழக்கிழமை போனில் நீ சொன்னது ஒரு சொல் குறையாமல் நினைவில் இருக்கிறது. "நீங்க திட்டத்தான் போன் பண்றீங்க பெரியம்மா. அம்மாவைக் கொன்னவன் வேற, இவர் வேற. எது வேறன்னு பார்க்கச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே" என்றாய். திட்டாமல் ஒரு காரணம் சொல்ல முடிந்தால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. எனவே எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடுமாம். உங்கள் ஜெபக்கூட்டம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இதைப் படிக்கவும் என்னை வெறுக்கவும் இடையில் போதுமான நாட்கள் இருக்கின்றன.

அந்தப் போனுக்கு முன்பே நீ அனுப்பியிருந்த கடிதத்தை மறுபடியும் படித்தேன். உன் மகள், நம் சுண்டெலிக்குக் கடைசியாக வலிப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு வேளையும் தவறாமல் மாத்திரை கொடுத்து வந்திருக்கிறாய். இப்போது உங்கள் ஜெபக்குழுவை நடத்தும் சகோதரர், "கர்த்தர் சுகம் கொடுத்து எட்டு மாசமாச்சு. இன்னும் மாத்திரை கொடுத்தா அவரைப் பொய்யர்னு சொல்ற மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தலைமேல் கை வைத்து ஜெபித்ததும், மிச்சமிருக்கும் மாத்திரைகளை அட்டையோடு அவர் கையில் நீ ஒப்படைக்க வேண்டும். மருமகன் கேட்டுவிட்டு, "என் பொண்ணு மாத்திரையில எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்" என்றாராம். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். நாள் முழுவதும் பேருந்து ஓட்டிவிட்டு, அந்தக் களைப்போடு மருந்துக் கடை வாசலில் வரிசையில் நிற்கிற மனிதருக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உனக்கும் இல்லை.

திட்டக் கூடாது என்றாய். மன்னித்துக்கொள்.

நான் எழுதிய சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறாய். 'மெய்யான போதகரை அறிய எட்டு அடையாளங்கள்'. ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் 'சரி' போட்டிருக்கிறாய். காணிக்கை கேட்பதில்லை. தன் படத்தை எங்கும் ஒட்டுவதில்லை. வேத வசனத்தை விட்டு விலகிப் பேசுவதில்லை. சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்கிறார். சைக்கிள் பழுதுபார்க்கிறவர், நகக்கண்ணில் கிரீஸ் கறையோடுதான் கூட்டத்துக்கு வருகிறார். கடைசி அடையாளம் வரைக்கும் நீ எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். முப்பத்தோராண்டு கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பிறர் விடைத்தாள்களைத் திருத்தியே காலம் கழித்தவள் நான். என் தாள் திருத்தப்பட்டு என்னிடமே வந்தது இதுதான் முதல் தடவை. நீ சரியாகத்தான் திருத்தியிருக்கிறாய். கேள்வித்தாள்தான் தவறு.

அந்தப் புத்தகத்தால் எனக்கு இங்கே என்ன பெயர் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். சபையில் என்னைச் 'சல்லடை' என்பார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி, என்னைப் பார்க்க வருகிறவர்களை நிறுத்தி, "மேல சல்லடை இருக்காங்க. தவிடு, உமியெல்லாம் இங்கயே உதறிட்டு ஏறுங்க" என்று சொல்லி அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன். போன மாதம் போதகர் வந்து, எட்டாம் பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதித் தரும்படி கேட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உங்க பகுத்தறிவு வேணும்மா" என்றார். கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வலது கண் நன்றாகவே தெரிகிறது.

அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று நாள் கூட்டம். வெளிநாட்டுப் பிரசங்கியார் அவர் மொழியில் பேசினார். நான் பக்கத்தில் இன்னொரு ஒலிவாங்கியோடு நின்று, வாக்கியம் வாக்கியமாக நம் மொழியில் சொன்னேன். அம்மாவும் நீயும் மூன்றாம் வரிசை. அம்மாவின் மடியில் கைப்பை. அதற்குள் இன்சுலின் சீசாவும் ஊசியும். கடைசி நாள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, வாசலில் இருந்த பச்சைக் குப்பைத் தொட்டியில் இரண்டையும் அவள் போட்டதை நீ பார்த்தாய். "அம்மா சந்தோஷமா போட்டாங்க" என்று பிறகு சபையின் விசாரணைக் குழுவிடம் சொன்னாய். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நான் அந்தப் பிரசங்கியாரோடு வேறு ஊர்களுக்குப் போயிருந்தேன். எட்டாம் நாள் திரும்பி வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

சபை விசாரித்தது. அவர் ஏற்கெனவே தன் நாட்டுக்குப் போயாகிவிட்டது. ஒலிநாடாவைக் கேட்டு அவர் பேசியதை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதினேன். 'விசுவாசம் வந்த வீட்டில் மருந்துச் சீசாவுக்கு என்ன வேலை?' என்ற வாக்கியத்தின் கீழே குழுத்தலைவர் இரண்டு கோடு போட்டார். கள்ளப் போதகர் என்று பீடத்திலிருந்து அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஓர் ஆறுதல். உனக்கும்தான், வெறுப்பதற்கு ஒரு முகம் கிடைத்தது. "பாவம் எங்க பெரியம்மா, அந்த வார்த்தையை அவங்க வாயாலயே சொல்ல வேண்டியதாப்போச்சு" என்று நீ பல பேரிடம் சொல்லி அழுததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பிறகு நான் உட்கார்ந்து எட்டு அடையாளங்களை எழுதினேன். அவரிடம் என்னென்ன குறை இருந்ததோ, அதற்கு நேர் எதிரானவற்றையெல்லாம் வரிசைப்படுத்தினேன். அவர் காணிக்கைக்காகக் கெஞ்சினார். ஆகவே மெய்யானவர் கேட்க மாட்டார். அவர் பளபளவென்று உடுத்தினார். ஆகவே மெய்யானவர் எளிமையாக உடுத்துவார். ஒரே ஆளின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மற்ற எந்தக் கள்ளனும் அதற்குள் அகப்படாமல் நடந்து போகலாம் என்பது எனக்கு அன்றே தெரியும்.

என் விசுவாசம் போய்விட்டதோ என்று எண்ணாதே. கர்த்தர் சுகமாக்குகிறார் என்று இன்றும் நம்புகிறேன். சுண்டெலியின் பெயரைச் சொல்லித்தான் காலையில் கண் விழிக்கிறேன். ஆனால் அவரிடம் கேட்பது வேறு; அவரை ஒரு மூலையில் நிறுத்தி, இதோ குதிக்கிறேன், பிடித்துக்கொள் என்று சவால் விடுவது வேறு. ஆலயத்தின் உச்சியில் நம் ஆண்டவரிடம் அதைச் செய்யச் சொன்ன சாத்தானும் வசனத்தை விட்டு விலகாமல்தான் பேசினான். உன் சகோதரரும் வசனம் சொல்லுகிறார். மரித்துப்போன ஒரு சிறுமியைக் கைபிடித்து எழுப்பிய ஆண்டவர், அடுத்ததாக அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். எழுப்பியவர் பசியையும் பார்த்துக்கொள்வார், சாப்பாடு கொடுப்பது அவிசுவாசம் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாதாடவில்லை.

ஆளைப் பார்த்து அளக்காதே, மகளே. சொல்லை அளந்து பார். அந்தச் சொல் பொய்த்துப்போனால் படுக்கையில் கிடக்கப்போவது யார் என்று கேள். சொன்னவர் கிடப்பார் என்றால், அது அவருடைய விசுவாசம், அவர் பாடு. ஆறு வயதுப் பிள்ளை கிடக்கும் என்றால், அது விசுவாசம் அல்ல. அவர் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தாலும் அல்ல.

நல்லவர், உழைக்கிறவர், எதுவும் கேட்காதவர் சொல்லும் சொல் எப்படிப் பொய்யாகும் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறது.

மேடையில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு மௌனம் என்றால் பயம். பேசுகிறவர் நிறுத்தினால் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். சொல் வரவில்லையோ என்று மொழிபெயர்ப்பவளைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கடைசி நாள் பிரசங்கியார், நோய் என்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று சொன்னார். அது பொய்ப் போதனைதான். அதை நான் மறைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மண்டபம் முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக எனக்குக் கிடைத்த ஆமென்களின் மயக்கம் தலையில் இருந்தது. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பில் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதிக் காட்டியவள் நான். அப்படிப்பட்ட நான் அந்த மௌனத்தை நிரப்பினேன். மருந்துச் சீசாவைப் பற்றிய வாக்கியம் அவருடையது அல்ல. என்னுடையது. மண்டபம் அதிர்ந்தது. அவர் குவளையை வைத்துவிட்டு, "நான் என்ன சொன்னேன், இப்படிக் கைதட்டுகிறார்கள்?" என்று என் காதில் கேட்டார். உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள் என்றேன். ஒலிநாடாவில் அந்த இடத்தில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது. அறிக்கையில் அவர் பெயரைப் போட்டேன். இவ்வளவு கச்சிதமான வாக்கியம் வேற்று மொழிக்காரருக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் அப்போது காணிக்கை வாங்கவில்லை. எளிமையாக உடுத்தினேன். சொந்தக் கையால் உழைத்துப் பிழைத்தேன். உன் சிவப்புப் பேனாவை எடுத்து என்னைத் திருத்திப் பார்.

மருத்துவமனையில் உன் அம்மாவுக்குச் சிறிது நேரம் தெளிவு வந்தது. ஏன்டி இப்படிச் செய்தாய், அந்த ஆள் பேச்சைக் கேட்டா என்று கேட்டேன். "அந்த ஆளு பேசினது எனக்கு எங்கக்கா புரிஞ்சுது?" என்றாள். "நீ சொன்னதைத்தானே கேட்டேன்."

பிள்ளைக்கு மாத்திரையைக் கொடு. கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபி. என்னை என்ன செய்வது என்பதைப் பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு யோசிக்கலாம்.

உன் அம்மாவின் அக்கா